பான் ஆப்பிரிக்க ஒற்றுமை: அதோட ஆன்மிக வேர் எது, நோக்கம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பான் ஆப்பிரிக்க ஒற்றுமைனா என்ன, முதல்ல சுருக்கமா சொல்லுங்க?

ஆப்பிரிக்க கண்டத்துல இருக்கிறவங்களும், அடிமைக் கப்பல்ல அமெரிக்கா, கரீபியன், பிரேசில்னு கொண்டுபோகப்பட்டவங்களோட வாரிசுகளும் ஒரே ஜனம், ஒருத்தர் விடுதலை ஆகாம இன்னொருத்தர் முழுசா விடுதலை ஆக முடியாதுங்கிற நம்பிக்கை. அட்லாண்டிக் கடல்ல ஏத்தினது சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர், உயிரோட கரை இறங்கினது சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு சொல்றாங்க, மீதிப் பேர் நடுக்கடல்லயே போயிட்டாங்க. பாடப்புத்தகத்துல இந்த இயக்கம் 1900 ஜூலை லண்டன் மாநாட்டுல ஆரம்பிக்கும், டிரினிடாட் லாயர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் கூட்டினது. அப்புறம் 1945 மான்செஸ்டர் மாநாடு, 1963ல அடிஸ் அபாபாவுல ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, 2002ல டர்பன்ல அதுக்குப் பதிலா வந்த ஆப்பிரிக்க ஒன்றியம். இதெல்லாம் சரிதான், ஆனா இது அந்த மரத்தோட கிளைங்கதான்னு நான் நினைக்கிறேன். வேர் அதுக்கு நூறு இருநூறு வருஷம் முன்னாடியே ராத்திரி பூஜைலயும் ஜெபத்துலயும் விழுந்துடுச்சு.

இது அரசியல் இயக்கம்தானே? ஆன்மிகம் எங்க இருந்து வந்துச்சு?

கரும்புத் தோட்டத்துல ஒரு அடிமையோட நிலைமைய யோசிச்சுப் பாருங்க. பக்கத்துல வேலை செய்யறவன் காங்கோல இருந்து வந்தவன், அடுத்தவன் யோருபா, இன்னொருத்தன் ஃபான், பாஷை வேற, சாமி வேற, சில பேர் ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் போர்ல பிடிச்சு வித்தவங்க. கல்யாணம் செல்லாது, பிள்ளைய எப்ப வேணாலும் விப்பாங்க, கூட்டம் கூடினா சவுக்கடி. அவங்க ஒண்ணா கூட முடிஞ்சது ரெண்டே இடம்தான், சாவு வீடு, பூஜை. அரசியல்னு ஒண்ணு பேசணும்னாலும் அங்கதான் பேசியாகணும்.

வோடூவ எடுத்துக்கோங்க, அடிமைகள் ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வந்த சாமிங்கள வச்சு ஹெய்ட்டில வளர்ந்த மதம். அதுல சாமிங்கள 'நான்ஷோன்', அதாவது தேசம் தேசமா பிரிச்சு வச்சிருப்பாங்க, ராடா, நாகோ, காங்கோ, பெட்ரோனு. ஒவ்வொரு தேசத்துக்கும் தனி மேளம், தனி பாட்டு, தனி படையல், ஆனா ஒரே முற்றம், ஒரே ராத்திரி, ஒருத்தர் சாமிக்கு முறை வரும்போது எல்லாருமே அதுக்கு ஆடணும். பிரேசில் பாஹியால அதே மாதிரி வளர்ந்த கண்டோம்ப்ளே மதத்துலயும் கெட்டு, ஜெஜெ, அங்கோலானு தேசங்கள் இருக்கு. டஹோமி ராஜ்யமும் (இன்னிக்கு பெனின் நாடு இருக்கிற பகுதி) யோருபா ஊர்களும் ஆப்பிரிக்காவுல ஒருத்தரை ஒருத்தர் சூறையாடிக்கிட்டு இருந்த அதே காலத்துல கடலுக்கு அந்தப் பக்கம் அவங்க தெய்வங்கள் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்திருந்தாங்க. யாரும் தன் சாமிய விட்டுக்கொடுக்கல, அதே சமயம் அடுத்தவன் சாமிய வெளிய தள்ளவும் இல்ல. பின்னாடி வந்த எந்த மாநாட்டுத் தீர்மானமும் ஒற்றுமைனா என்னனு இவ்வளவு தெளிவா காட்டலங்கிறது என் கருத்து.

1791 ஆகஸ்ட்ல அப்ப செயின்ட் டொமிங்னு பேர் இருந்த ஹெய்ட்டியோட வடக்குப் பகுதில, புவா கைமான்ங்கிற இடத்துல ஒரு ராத்திரி பூஜை நடந்துச்சு, புக்மான் நடத்தினார், கூட செசில் ஃபாத்திமான்னு ஒரு பெண் பூசாரி இருந்தாங்கனு அந்த ஊர் ஜனங்க சொல்லிச் சொல்லிக் காப்பாத்தி வச்சிருக்காங்க. கொஞ்ச நாள்லயே வடக்கு சமவெளி முழுக்க தோட்டம் தோட்டமா பத்தி எரிஞ்சுச்சு. 13 வருஷ சண்டைக்கு அப்புறம் 1804 ஜனவரி 1 ஹெய்ட்டி சுதந்திர நாடு. 1816 அரசியல் சட்டத்துல, ஆப்பிரிக்க ரத்தம் உள்ள யார் இங்க வந்து குடியிருந்தாலும் ஒரு வருஷத்துல குடிமகன்னு எழுதி வச்சாங்க. பான் ஆப்பிரிக்கங்கிற வார்த்தை அப்ப பிறக்கவே இல்ல.

ஆப்பிரிக்காவுக்குள்ளயே இப்படி ஒரு வேர் இருந்துச்சா, இல்ல கடல் தாண்டினவங்க கிட்ட மட்டும்தானா?

இருந்துச்சு. எனக்கு ரொம்ப முக்கியமா படறது காங்கோ ராஜ்யத்து பொண்ணு கிம்பா வீட்டா, ஞானஸ்நானப் பேர் டோனா பியாட்ரிஸ். 1684 வாக்குல பிறந்தவங்க. அப்ப காங்கோல ராஜவம்சத்துக்குள்ள உள்நாட்டுப் போர், தலைநகரம் சாவ் சல்வடார் பாழடைஞ்சு கிடக்கு, போர்ல பிடிபட்டவங்கள எல்லாம் கடற்கரைக்கு ஓட்டிட்டுப் போய் கப்பலுக்கு வித்துடுவாங்க. இருபது வயசு சுமாருக்கு புனித அந்தோணியார் தன் மேல இறங்கியிருக்கார்னு சொன்னாங்க, இயேசு காங்கோலதான் பிறந்தார், ராஜாக்கள் சண்டைய விட்டுட்டு ஒரே ராஜ்யமா ஆகணும்னு பிரசங்கம் பண்ணாங்க, பாழாப்போன தலைநகரத்துல ஆயிரக்கணக்கான ஜனங்களக் கூட்டிட்டுப் போய் குடி வச்சாங்க. 1706ல அவங்கள உயிரோட எரிச்சுட்டாங்க. அவங்க பின்னாடி போனவங்கள்ல நிறைய பேர் அடிமையா விக்கப்பட்டு கடல் தாண்டினாங்க. ஒற்றுமைனு அவங்க சொன்னது அடிமை வியாபாரத்தை நிறுத்துற வழினும் சேர்த்துப் படிச்சாதான் அந்தப் பொண்ணோட தைரியம் புரியும், ஏன்னா அண்ணன் தம்பி சண்டைதான் கப்பலுக்கு ஆள் சப்ளை பண்ணுச்சு.

இருநூறு வருஷம் கழிச்சு, 1921ல, அதே காங்கோ ஜனங்கள்ல இருந்து சைமன் கிம்பாங்கு எழுந்தார், என்கம்பா கிராமத்துல சில மாசம் ஊழியம் செஞ்சதுக்கு பெல்ஜியம்காரன் ஆயுசு முழுக்க ஜெயில்ல வச்சான், 1951ல ஜெயில்லயே இறந்தார். ஜிம்பாப்வேல நெஹாண்டாங்கிற முன்னோர் ஆவி தன் மேல இறங்கினதா நம்பப்பட்ட பெண், வெள்ளைக்காரன் ஆட்சிய எதிர்த்த எழுச்சிக்காக 1898ல தூக்குல போடப்பட்டாங்க, 1970கள்ல ஆயுதம் எடுத்த பிள்ளைங்க அவங்க பேர சொல்லித்தான் காட்டுக்குள்ள போனாங்க.

எல்லாரும் ஏன் எத்தியோப்பியா எத்தியோப்பியானு சொல்றாங்க?

ஒரு பைபிள் வசனம், ஒரு போர், ரெண்டும் சேர்ந்து பண்ண வேலை.

வசனம், சங்கீதம் 68:31. 'எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கத் தீவிரிக்கும்.' அமெரிக்காவுல அடிமையா இருந்தவங்களுக்கு எஜமான் படிச்சுக் காட்டின பைபிள்ல 'வேலைக்காரரே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்'ங்கிறதுதான் திரும்பத் திரும்ப வரும். தானா படிக்கக் கத்துக்கிட்டவங்க இந்த வசனத்தைப் பார்த்ததும் பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம தேசம் வேதத்துலயே இருக்கு, நம்மள கடவுள் மறக்கல, நாம எழுந்திருக்கிற ஒரு நாள் குறிச்சு வச்சிருக்குனு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. எத்தியோப்பியானா அவங்களுக்கு ஒரு நாடு மட்டும் இல்ல, முழு ஆப்பிரிக்காவும் கருப்பு ஜனமும்.

போர், 1896 மார்ச் 1, அட்வா. இரண்டாம் மெனெலிக் சக்கரவர்த்தியும் தைத்து மகாராணியும் திரட்டிட்டுப் போன சேனை இத்தாலிய படைய நொறுக்கிடுச்சு. எத்தியோப்பிய காலண்டர்ல அது புனித ஜார்ஜ் நாள், அவரோட திருப்பலகைய சேனையோட தூக்கிட்டுப் போயிருந்தாங்க. 1884-85ல பெர்லின்ல உக்காந்து ஆப்பிரிக்காவ பங்கு போட்டவங்களுக்கு பத்தே வருஷத்துல இப்படி ஒரு பதில், அதுவும் ஐரோப்பாவுல பாதி ஊர் கிறிஸ்துவ கேள்விப்படறதுக்கு முன்னாடியே, நாலாம் நூற்றாண்டுலயே கிறிஸ்தவத்தை ஏத்துக்கிட்ட ஒரு கருப்பு ராஜ்யத்துகிட்ட இருந்து. டெலிகிராப்ல செய்தி போனதும் கரீபியன்லயும் அமெரிக்காவுலயும் ஜனங்களுக்கு வசனம் பலிச்ச மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லியாகணும், எத்தியோப்பியாவுலயே அடிமை முறை இருந்துச்சு, சட்டப்படி முழுசா ஒழிஞ்சது 1942லதான். அடையாளமா தூக்கிப் பிடிச்சவங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவங்க பேசல.

சர்ச்சுக்கும் ஆப்பிரிக்க விடுதலை இயக்கத்துக்கும் நேரடி தொடர்பு இருக்கா, இல்ல சும்மா உணர்ச்சி லெவல்லயா?

நேரடி தொடர்பு, ஆள் பேரோட சொல்லலாம்.

ஃபிலடெல்ஃபியாவுல ஒரு மெத்தடிஸ்ட் சர்ச்ல கருப்பு ஜனங்கள முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டு இருக்கும்போதே தூக்கி எழுப்பி வேற இடத்துக்குப் போகச் சொன்னாங்க. ரிச்சர்ட் ஆலனும் கூட்டாளிகளும் வெளிய நடந்துட்டாங்க, 1816ல ஆப்பிரிக்கன் மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் சர்ச்னு தனி சபையே உருவாச்சு. அதுக்கு ரொம்ப தூரத்துல, 1892ல பிரிட்டோரியாவுல, மங்கேனா மொகோனே இதே மாதிரி அவமானம் தாங்காம மிஷன் சர்ச்ச விட்டு வெளிய வந்து எத்தியோப்பியன் சர்ச் ஆரம்பிச்சார், பேர் அந்த சங்கீதத்துல இருந்து எடுத்தது. ரெண்டு பக்கத்துக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. சேர்த்து வச்சது ஒரு இளம்பெண்ணோட லெட்டர். சார்லட் மக்செகே தென்னாப்பிரிக்கால இருந்து ஒரு பாட்டுக் குழுவோட டூர் போனவங்க, அமெரிக்காவுல சிக்கிக்கிட்டப்ப இந்த சபைதான் ஒஹாயோல வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்துல சேர்த்துப் படிக்க வச்சுச்சு. அங்க இருந்து வீட்டுக்கு எழுதின லெட்டர் வழியாத்தான் மொகோனேவுக்கு இப்படி ஒரு சபை இருக்கிறதே தெரிய வந்துச்சு. 1896ல ரெண்டும் சேர்ந்துடுச்சு, 1898ல பிஷப் ஹென்றி டர்னர் தென்னாப்பிரிக்காவுக்கே வந்து டஜன் கணக்குல போதகர்களுக்கு அபிஷேகம் பண்ணார். கடவுள் கருப்பர்னு அதே வருஷம் எழுதினவர் இவர்தான். பிரிட்டிஷ்காரனுக்கு 'எத்தியோப்பியனிசம்'னு கேட்டாலே கிலி பிடிக்கிற அளவுக்கு இந்த சபைகள் பரவுச்சு.

1912 ஜனவரி 8, ப்ளூம்ஃபான்டைன்ல வாய்ஹூக் பகுதி சர்ச்ல தென்னாப்பிரிக்க பூர்வகுடி தேசிய காங்கிரஸ், அதாவது பின்னாடி ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்னு பேர் மாறின கட்சி, பிறந்துச்சு, முதல் தலைவர் ஜான் டூபே ஒரு போதகர். அங்க பாடினது ஈனாக் சொன்டோங்கா 1897ல போட்ட 'என்கோசி சிகெலேல் இஆஃப்ரிக்கா', மெத்தடிஸ்ட் பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைங்களுக்காக எழுதின ஒரு ஜெபப் பாட்டு. ஆண்டவரே ஆப்பிரிக்காவ ஆசீர்வதியும்னு கேக்குது, ஜுலு ஜனத்தையோ ஷோசா ஜனத்தையோனு கேக்கல. அந்த மெட்டு இன்னிக்கு தான்சானியா தேசிய கீதம், ஜாம்பியா தேசிய கீதம், தென்னாப்பிரிக்கா கீதத்துல முதல் பாதி.

கிறிஸ்தவமே அடிமைப்படுத்தினவன் மதம்தானே? அதை எப்படி விடுதலைக்கு வேர்னு சொல்றீங்க?

நியாயமான கேள்வி. கானாவுல கேப் கோஸ்ட் கோட்டைக்குப் போனா, ஆண்கள அடைச்சு வச்ச இருட்டு நிலவறைக்கு நேர் மேல சர்ச் இருந்த இடத்தைக் காட்டுவாங்க. கீழ மூச்சு முட்டிக் கிடந்தாங்க, மேல கீர்த்தனை பாடினாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டு இந்தக் கேள்விய கேக்காம இருக்க முடியாது.

இதே கேள்விய ஒரு கருப்பு போதகர்கிட்ட நேருக்கு நேரா கேட்டது கொழும்புல. 1935ல ஹவர்ட் தர்மன் அமெரிக்காவுல இருந்து ஒரு குழுவோட இலங்கை, இந்தியா டூர் வந்தார். கொழும்புல சட்டம் படிக்கிறவங்க மத்தியில பேசி முடிச்சதும் ஒருத்தர் வந்து, உங்க ஜனத்தை அடிமையா கொண்டுபோனவன் கிறிஸ்தவன், வித்தவன் கிறிஸ்தவன், இன்னிக்கும் உங்கள ஒதுக்கி வக்கிறவன் கிறிஸ்தவன், அப்படி இருக்க நீங்க எந்த மூஞ்சியோட இங்க அவங்க மதத்துக்காக வந்து நிக்கிறீங்க, இது உங்க ஜனத்துக்கு துரோகம் இல்லையானு கேட்டார். தர்மன் அந்தக் கேள்விய வருஷக்கணக்கா சுமந்தார். அவர் கண்டுபிடிச்ச பதில், இயேசு ரோம் பேரரசோட காலுக்கு கீழ கிடந்த ஒரு ஏழை யூதன், முதுகு சுவத்துல முட்டி நிக்கிறவங்களுக்காகப் பேசினவர், எஜமானோட மதம் வேற, இயேசுவோட மதம் வேறங்கிறது. மார்ட்டின் லூதர் கிங் தலைமுறைக்கு இந்தப் பதில் சோறு போட்டுச்சு.

எல்லாருக்கும் அந்தப் பதில் போதும்னு சொல்ல மாட்டேன். போதாதுனு நினைச்சவங்க ஒரிஷாக்கள், அதாவது யோருபா தெய்வங்கள் பக்கமோ இஸ்லாம் பக்கமோ போனாங்க, அதுவும் இந்தக் கதையோட பாகம்தான். முன்னோர் வழிபாட்ட மிஷனரிகள் பேய்னு சொல்லி எரிச்சதும், ஜமைக்காவுல 1760 கலகத்துக்கு அப்புறம் ஓபியாங்கிற ஆப்பிரிக்க மந்திர வழிபாட்ட சட்டம் போட்டுத் தடை பண்ணதும், பாஹியால 1976 வரைக்கும் கண்டோம்ப்ளே கோயில்கள் போலீஸ்ல பதிவு பண்ணி அனுமதி வாங்க வேண்டி இருந்ததும் மறைக்க வேண்டிய விஷயம் இல்ல.

இஸ்லாமோட பங்கு என்ன?

பெருசு, ஆனா தமிழ்ல யாரும் எழுதறது இல்ல. 1835 ஜனவரி, ரமலான் மாசம், பிரேசில் சால்வடார் நகரத்துல யோருபா, ஹவுசா முஸ்லிம்கள் முன்ன நின்னு நடத்தின மலே கலகம், அமெரிக்க கண்டத்துல நகரத்துக்குள்ள நடந்த பெரிய அடிமை எழுச்சிகள்ல ஒண்ணு. செத்தவங்க கழுத்துல இருந்த தாயத்தைப் பிரிச்சுப் பார்த்தா உள்ள அரபி எழுத்து, குர்ஆன் வசனம். எஜமானுக்கே எழுதப் படிக்கத் தெரியாத ஊர்ல அடிமை எழுதிட்டு இருந்தான். கலகம் அடங்கினதும் நிறைய பேர நாடு கடத்தினாங்க, இன்னும் நிறைய பேர் தானா கிளம்பி லாகோஸ், உய்தா, அக்ரா பக்கம் திரும்பி வந்தாங்க. அக்ராவுல தபோம்னு ஒரு சமுதாயம் இன்னிக்கும் இருக்கு, பிரேசில்ல இருந்து திரும்பி வந்தவங்களோட வம்சம்.

1964ல அமெரிக்க கருப்பர் தலைவர் மால்கம் எக்ஸ் மக்காவுக்கு ஹஜ் போனார், அங்க இருந்து நைஜீரியா, கானா. இபாதான்ல மாணவர்கள் அவருக்கு 'ஓமோவாலே'னு பேர் வச்சாங்க, வீட்டுக்குத் திரும்பின பிள்ளை. மே மாசம் நியூயார்க் திரும்பி ஜூன்ல ஆப்பிரிக்க அமெரிக்க ஒற்றுமை அமைப்பு ஆரம்பிச்சார், ஜூலைல கெய்ரோவுல ஆப்பிரிக்க தலைவர்கள் கூடின இடத்துக்கே போய், அமெரிக்க கருப்பர் பிரச்சினைய ஐநாவுக்கு கொண்டுபோங்க, அது உங்க பிரச்சினையும்தான்னு மனு கொடுத்தார். ஹஜ் ஒரு பக்கம், கண்டம் இன்னொரு பக்கம்னு அவர் பிரிக்கல, ரெண்டும் சில வாரத்துக்குள்ள நடந்த ஒரே பயணம்.

கார்வி, ராஸ்டா இதெல்லாம்?

மார்கஸ் கார்வி 1914ல ஜமைக்காவுல சங்கம் ஆரம்பிச்சு நியூயார்க்ல லட்சக்கணக்கான ஜனத்தை சேர்த்தார், கப்பல் கம்பெனி, சிவப்பு கருப்பு பச்சைக் கொடி எல்லாம் தெரிஞ்சதுதான். அவரோட மீட்டிங் பாதி அரசியல் கூட்டம், பாதி ஆராதனை, பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு எல்லாம் இருக்கும், கடவுள நம்ம கண்ணாடி வழியா பார்ப்போம்னு சொன்னார். 1930 நவம்பர்ல ஹைலே செலாசி எத்தியோப்பிய சக்கரவர்த்தியா முடிசூடினப்ப ஜமைக்கா ஏழை ஜனம் அந்த சங்கீத வசனத்தை மறுபடி கையில எடுத்தாங்க, அவரைக் கடவுளா பார்க்கிற ராஸ்டஃபாரி மதம் பிறந்துச்சு. சக்கரவர்த்தி எத்தியோப்பியாவுல ஷாஷமனே ஊர்ல ஒதுக்கிக் கொடுத்த நிலத்துல கரீபியன்ல இருந்து வந்த குடும்பங்கள் இன்னிக்கும் இருக்காங்க.

1945 மான்செஸ்டர்ல இருந்தவங்க சோஷலிஸ்ட்டுங்க ஆச்சே? அங்க ஏது ஆன்மிகம்?

உண்மை, அங்க தொனி மாறிடுச்சு. ஜார்ஜ் பேட்மோர், குவாமே என்க்ருமா, ஜோமோ கென்யாட்டா, கூட தொழிற்சங்கக்காரங்க, மாணவர்கள், பேசினது எல்லாம் சுதந்திரம், ஸ்ட்ரைக், ஓட்டுரிமை. ஒரு பிஷப் தலைமை தாங்கின 1900 லண்டன் மாநாடு மாதிரி இல்ல.

ஆனா பின்னாடி கானாவோட முதல் தலைவர் ஆன என்க்ருமாவப் பாருங்க. அமெரிக்காவுல லிங்கன் செமினரில இறையியல் பட்டம் வாங்கினவர், ஞாயிற்றுக்கிழமை கருப்பர் சர்ச்சுங்கள்ல பிரசங்கம் பண்ணவர். தன்னைப் பத்தி எந்த சபையும் சாராத கிறிஸ்தவன், மார்க்சிய சோஷலிஸ்ட், ரெண்டுக்கும் நடுவுல எனக்கு முரண்பாடு தெரியலனு எழுதினவர். 'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்'ங்கிற வசனத்தை 'முதலாவது அரசியல் ராஜ்யத்தைத் தேடுங்கள்'னு மாத்தி ஜனத்துக்கு முன்னாடி வச்சார், சர்ச்ல வளர்ந்த ஜனத்துக்கு அது உடனே போய் சேர்ந்துச்சு. 1957 மார்ச் 6 கானாவோட சுதந்திர ராத்திரி, முழு ஆப்பிரிக்காவும் விடுதலை ஆகலனா நம்ம சுதந்திரத்துக்கு அர்த்தமே இல்லனு சொன்னது ஒரு பிரசங்கியார் குரல்லதான்.

அவர் யோசிச்ச இன்னொரு விஷயம் இதைவிட ஆழம். ஆப்பிரிக்காவோட மனசாட்சிக்குள்ள மூணு பேர் சண்டை போடறாங்க, பழைய முன்னோர் வழி, இஸ்லாம், ஐரோப்பா கொண்டு வந்த கிறிஸ்தவம், இந்த மூணையும் சமாதானப்படுத்தி ஒரு புது சமநிலை கொண்டு வரலனா வெறும் எல்லைக் கோட்டை அழிச்சு பிரயோஜனம் இல்லனு 1964ல ஒரு தத்துவப் புத்தகமே எழுதினார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1966 பிப்ரவரில, ராணுவம் அவரைக் கவுத்துடுச்சு. அந்த வேலைய அப்புறம் யாரும் அவ்வளவு சீரியஸா எடுத்துக்கல, அது பெரிய நஷ்டம்.

சரி, நோக்கம்தான் என்ன? பொதுச் சந்தை, ஒரே கரன்சி இதுக்கா இவ்வளவும்?

சந்தை வேணும், வேண்டாம்னு யார் சொன்னா. ஆப்பிரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2021 ஜனவரில இருந்து பேருக்கு ஓடுது, அது நல்லா ஓடினா பசி குறையும். ஆனா நோக்கம் அதுல முடியாது.

அடிமை வியாபாரம் பண்ணது உழைப்பைத் திருடினது மட்டும் இல்ல. ஒரு மனுஷன யாரோட பிள்ளை, எந்த ஊர், எந்தக் குலம், செத்தா யார் அவனுக்கு தண்ணி ஊத்துவாங்கங்கிற எல்லாத்துல இருந்தும் அறுத்து எடுத்து வெறும் சரக்கா ஆக்குச்சு. மேற்கு ஆப்பிரிக்காவோட பல ஜனங்களுக்கு செத்தவங்க எங்கயும் போறது இல்ல, குடும்பத்துலதான் இருக்காங்க, தரைல மதுவோ தண்ணியோ ஊத்தி அவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் எந்த நல்ல காரியமும் ஆரம்பிப்பாங்க. பேர் தெரியாம கடல்ல போனவங்கள யார் கூப்பிடுவா? அந்த அறுந்த உறவை மறுபடி கட்டறதுதான் நோக்கம், உயிரோட இருக்கிறவங்களுக்கு நடுவுல மட்டும் இல்ல, செத்தவங்களோடயும்.

இது வெறும் பேச்சு இல்ல. 1998ல கானா அடிமை விடுதலை நாள் கொண்டாடினப்ப ஜமைக்காவுல இருந்து ஒருத்தர், அமெரிக்காவுல இருந்து ஒருத்தர்னு அடிமையா வாழ்ந்து செத்த ரெண்டு பேரோட எலும்புகள கொண்டு வந்து, கேப் கோஸ்ட் கோட்டைல எந்த வாசல் வழியா ஜனத்தை வெளிய தள்ளினாங்களோ அதே வாசல் வழியா உள்ள எடுத்துட்டுப் போனாங்க. அசின் மான்சோல அடக்கம் பண்ணாங்க, பிடிபட்டவங்கள கடைசியா குளிக்க வச்ச ஆறு ஓடற ஊர் அது. திரும்பி வர முடியாத வாசல்னு பேர் வச்ச கதவுக்கு வெளிப்பக்கம் இப்ப திரும்பி வரும் வாசல்னு எழுதியிருக்கு. ஒரு அரசாங்கம் செஞ்ச காரியம்தான், ஆனா எந்தப் பொருளாதார அமைச்சகமும் இதை யோசிச்சிருக்க முடியாது.

தெற்கு ஆப்பிரிக்கால உபுண்டுனு சொல்றதும் இதே இடத்துக்குத்தான் வருது, மத்த மனுஷங்க வழியாத்தான் ஒருத்தன் மனுஷன் ஆகுறான். பிஷப் டெஸ்மண்ட் டூட்டு 1996ல, நிறவெறி ஆட்சியோட கொடுமைகள விசாரிச்ச உண்மை ஆணையத்துக்கு தலைமை தாங்கினப்ப கொலைகாரனையும் பறிகொடுத்த தாயையும் ஒரே அறைல உக்கார வச்சது அந்த நம்பிக்கைல.

அப்ப எல்லாரும் ஒரே மதம் ஆகணுமா? மதத்தால ஆப்பிரிக்கால அடிச்சுக்கிறாங்களே?

ஒரே மதம் ஆகக் கூடாது, அப்படி யோசிச்ச நிமிஷமே அந்த வோடூ முற்றத்துல இருந்த புத்தி போயிடும். கானாவுல பல அரசு விழாக்கள்ல கிறிஸ்தவ ஜெபமும் முஸ்லிம் துஆவும் முன்னோருக்கு ஊத்தறதும் அடுத்தடுத்து நடக்கும், எனக்கு அந்த மாடல்தான் சரினு படுது. செனகல்ல ஜனத்தொகைல பெரும்பான்மை முஸ்லிம், ஆனா முதல் ஜனாதிபதி செங்கோர் கத்தோலிக்கர், இருபது வருஷம் ஆண்டார், முரீதுங்கிற சூஃபி அமைப்போட ஷேக்குகள் அவருக்கு ஆதரவு கொடுத்தாங்க.

மதம் காப்பாத்தும்னு கண்ண மூடிட்டு நம்பவும் கூடாது. 1994 ருவாண்டாவுல கொன்னவங்களும் செத்தவங்களும் பெரும்பாலும் ஒரே சபை, அடைக்கலம் தேடி நியமாதா, ந்தராமா சர்ச்சுக்குள்ள ஓடினவங்கள அங்கயே வெட்டினாங்க, சில பாதிரியார்களே உடந்தை. 2017ல போப் பிரான்சிஸ் சபையோட பாவத்துக்காக மன்னிப்பு கேட்டார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் அப்ப கைய கட்டிட்டு நின்னுச்சு, உறுப்பு நாட்டு உள்விவகாரத்துல தலையிட மாட்டோம்ங்கிறது அதோட கொள்கை. அந்த வெக்கத்துலதான், 2002ல புதுசா வந்த ஆப்பிரிக்க ஒன்றியம், இனப்படுகொலை நடந்தா தலையிட உரிமை உண்டுனு சாசனத்துலயே 4ஆவது பிரிவுல எழுதி வச்சுச்சு. உபுண்டு பிறந்த தென்னாப்பிரிக்காவுல 2008ல ஜிம்பாப்வே, மொசாம்பிக்ல இருந்து பிழைக்க வந்தவங்கள அடிச்சுத் துரத்தினதுல 60 பேருக்கு மேல செத்தாங்க. நம்பிக்கை இருக்குங்கிறதாலயே ஒற்றுமை வந்துடாது, அதை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி உழைச்சுத்தான் வாங்கணும்.

தமிழர்களுக்கு இதுல ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. மெட்ராஸ்ல இருந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர்ல டர்பன்ல கூலி ஒப்பந்தக்காரங்கள இறக்குச்சு, அவங்க வம்சம் இன்னும் நடாலில் இருக்கு. டர்பனுக்கு வெளிய இனண்டா பள்ளத்தாக்குல, ஒண்ணுக்கொண்ணு நடந்து போற தூரத்துல மூணு இடம், ஜான் டூபேவோட ஓலாங்கே பள்ளி, ஏசாயா ஷெம்பே 1910 வாக்குல ஆரம்பிச்ச நசரேத் சபையோட புனித ஊர், காந்தியோட ஃபீனிக்ஸ் குடியிருப்பு. மூணு பேரும் ஒரே காலத்துல அங்க இருந்தவங்க. ஆனா காந்தி அந்த வருஷங்கள்ல கருப்பு ஜனத்தைப் பத்தி இளக்காரமா எழுதினதும் உண்மை, அதுக்காகத்தான் கானா பல்கலைக்கழகத்துல வச்ச அவர் சிலைய 2018ல எடுத்தாங்க. 1936ல அதே ஹவர்ட் தர்மன் பர்தோலியில காந்திய சந்திச்சப்ப, கலப்படம் இல்லாத அகிம்சைச் செய்தி ஒருவேளை உங்க ஜனத்து வழியாத்தான் உலகத்துக்குப் போகும்னு காந்தி சொன்னார், அந்த மாற்றத்தையும் சேர்த்துதான் பார்க்கணும். 1994 ஏப்ரல் 27 மண்டேலா வாழ்க்கைல முதல் ஓட்டு போட்டது ஓலாங்கே பள்ளியில, டூபேவோட சமாதிக்குப் போய், ஜனாதிபதி அவர்களே, தென்னாப்பிரிக்கா விடுதலை ஆயிடுச்சுனு தகவல் சொல்ல வந்தேன்னு சொன்னார். செத்தவங்க குடும்பத்துல இருக்காங்கனு மேல சொன்னேனே, ஒரு நவீன அரசியல்வாதி அதை எவ்வளவு இயல்பா செஞ்சார்னு பாருங்க.

இன்னிக்கு இது எந்த நிலைமைல இருக்கு?

பாதி வாக்குறுதியா இருக்கு. ஆப்பிரிக்க ஒன்றியம் 55 உறுப்பினர், கடல் தாண்டின வாரிசுகள கண்டத்தோட ஆறாவது பகுதினு ஏத்துக்கிட்டிருக்கு. பொது பாஸ்போர்ட்ட 2016ல கிகாலில காட்டினாங்க, சாதாரண ஜனத்துக்கு இன்னும் கைக்கு வரல. கண்டத்துக்குள்ள தடையில்லாம நடமாட 2018ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அமலுக்கு வர 15 நாடு உறுதி பண்ணணும், பண்ணது விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு நைஜீரிய வியாபாரி பல ஆப்பிரிக்க நாட்டுக்குப் போக விசா வாங்க படற பாட்ட ஐரோப்பிய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவன் படறது இல்ல, இது பெர்லின்ல போட்ட கோட்டை நம்ம ஆளுங்களே காவல் காக்கிற மாதிரிதான்னு அங்க உள்ளவங்களே கோவமா சொல்றாங்க, கோவம் நியாயம்.

நல்லதும் நடக்குது. ருவாண்டா, பெனின், காம்பியா, செஷல்ஸ் எல்லா ஆப்பிரிக்கர்களுக்கும் விசா வேண்டாம்னு திறந்துட்டாங்க, 2025ல கானாவும் சேர்ந்துச்சு. 2024 நவம்பர்ல கானா ஒரே விழாவுல 524 பேருக்கு குடியுரிமை கொடுத்துச்சு, பெரும்பாலும் அமெரிக்க கருப்பர்கள். அதே வருஷம் பெனின், அடிமையா கொண்டுபோகப்பட்டவங்களோட வாரிசுனு நிரூபிக்கிற யாருக்கும் குடியுரிமைனு சட்டமே போட்டுச்சு. அந்தக் கடற்கரைல உய்தா துறைமுகத்துல இருந்துதான் லட்சக்கணக்கான பேர ஏத்தினாங்க, ஏத்தினதுல டஹோமி ராஜாக்களுக்கும் லாபம். ஒரு காலத்துல மார்க்சிய ராணுவ ஆட்சி ஒடுக்கி வச்ச வோடூனுக்கு 1990கள்ல இருந்து அங்க ஜனவரி 10 அரசு விடுமுறை, அன்னிக்கு ஹெய்ட்டி, பிரேசில், கியூபா எல்லா இடத்துல இருந்தும் ஜனங்க உய்தாவுக்கு வர்றாங்க, அவங்க பாட்டன் பூட்டன் கொண்டுபோன தெய்வங்களோட பாட்ட அவங்க ராகத்துலயே பாடறாங்க, பாதி வார்த்தை உள்ளூர்க்காரங்களுக்கும் புரியுது. இனிமே அப்படி வர்றவங்கள்ல சில பேர் திரும்பிப் போகும்போது பெனின் பாஸ்போர்ட்டோட போவாங்க.